முப்பத்தாறு சின்னக் கிளாஸ்கள்

எங்கள் சபைக்கு நூறு வயதாகிறதாம். நூற்றாண்டு மலர் போடுகிறார்கள். மலர்க் குழுப் பிள்ளைகள் மூன்று பேர் போன கிழமை வீட்டுக்கு வந்து பால் போடாத பிளேன்டி குடித்தார்கள், என் தலையில் நிறைய ஐஸ் வைத்தார்கள், கடைசியில் விஷயத்துக்கு வந்தார்கள். நான் எழுபத்து மூன்றில் எழுதிய 'ஆள் என்பவர் யார்?' என்ற கட்டுரையைத் திரும்பப் போட வேண்டுமாம். தனபாலன் மாஸ்டர் அதற்குப் பிறகு அந்த மாதிரி ஒன்று எழுதவே இல்லை என்று அதில் ஒரு பிள்ளை சொன்னது. அது உண்மைதான்.

வேண்டாம் என்றேன். மாஸ்டருக்கு அடக்கம் அதிகம் என்று சிரித்துக்கொண்டு போனார்கள். அடக்கமும் இல்லை, மண்ணும் இல்லை. அந்தக் கட்டுரையை எழுதிய மனுஷனை எனக்கு நன்றாகத் தெரியும். காரணம் அதுதான். மலருக்கு ஏதாவது கொடுத்தே ஆக வேண்டுமென்றால் இதைக் கொடுக்கிறேன். போடுவதும் விடுவதும் அவர்கள் பாடு.

அந்தக் காலத்தில் எங்கள் சபை சின்னது. கண்டி நகரில் ஒரு மேட்டில் தகரக் கூரை போட்ட வேதக் கோயில், நாற்பது பேர் வரை வருவோம். அலுவலகக் கிளாக்குமார், ஆசிரியர்கள், இரண்டு தாதிமார், கடை வைத்திருந்த இரண்டு குடும்பம். நான் நகரப் பாடசாலை ஒன்றில் தமிழ் படிப்பித்தேன். சபைக் காரியங்களைக் கவனிக்கிற மூப்பன். புதிதாகச் சேருகிறவர்களுக்கு வேதபாடம் சொல்லிக்கொடுப்பதும் என் வேலை. என் பாட்டனார் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பெரிய கங்காணியாக இருந்தவர். அப்பா நகரத்துக்கு இறங்கி வந்து கிளாக் ஆனார். எங்கள் வீட்டில் ஜாதியைப் பற்றி ஒருவரும் பேசமாட்டோம். பேசத் தேவையில்லாத அளவுக்கு அது எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

அழகர் எங்கள் சபைக்கு வந்தது எழுபத்து மூன்றின் தொடக்கத்தில். மஹய்யாவையில் நகரசபை கட்டிக்கொடுத்த வரிசை வீடுகளில் ஒன்றில் இருந்தார். வாளிக் கக்கூசு இருந்த காலம் அது. விடிகிற நேரம் வீட்டுக்குப் பின்னால் ஒரு சின்னக் கதவு திறக்கும், வாளி போகும், வேறு வாளி வரும். யார் எடுத்துக்கொண்டு போகிறார்கள் என்று ஒருவரும் எட்டிப் பார்ப்பதில்லை. அழகர் பதினெட்டு வருஷம் அந்த வேலை செய்து, பிறகு சாக்கடை துப்புரவுக்கு மாறியிருந்தார். அவரோடு வேலை செய்த ஒருவர் எங்கள் சபைக்காரர் ஒருவரின் வீட்டுக்குப் பக்கத்தில் மதில் விழுந்து செத்துப்போனபோது, போதகர் வீரசிங்கம் தானாகப் போய் ஜெபம் சொல்லி, பெட்டியின் ஒரு மூலையைத் தன் தோளிலும் வாங்கிக்கொண்டார். அதைப் பார்த்துவிட்டுத்தான் அழகர் வந்தார். எங்கள் பாட்டுக்கோ பிரசங்கத்துக்கோ வந்தவர் இல்லை.

ஞானஸ்நானத்துக்கு ஒரு வேதாகமப் பெயர் வைத்துக்கொள்ளலாமே என்று சபையில் சிலர் சொன்னார்கள். அழகர் யோசித்துவிட்டு, பழைய பெயரிலேயே கடவுளுக்கு என்னை அடையாளம் தெரியும் என்று நினைக்கிறேன் என்றார். போதகருக்கு அது பிடித்துவிட்டது. அழகர் அழகராகவே தண்ணீர் பெற்றார்.

அதன் பிறகு திருவிருந்தில் சேருவதற்கு முன் மூன்று மாதம் வேதபாடம். புதன்கிழமை பின்னேரம், கோயிலுக்குப் பக்கத்து அறையில், நாலு இளம் பிள்ளைகளோடு அழகரும் மர வாங்கில் இருப்பார். பிள்ளைகள் யன்னலைப் பார்ப்பார்கள். அழகர் என் வாயைப் பார்ப்பார். படிப்பு இரண்டாம் வகுப்புத்தான். ஆனால் சொன்னதை மறக்கமாட்டார், அதுதான் எனக்கு வந்த வினை.

அப்போதுதான் நான் அந்தக் கட்டுரையை எழுதிக்கொண்டிருந்தேன். பாடமும் அதுவாகவே போயிற்று. திரித்துவத்தில் மூன்று ஆட்கள் என்கிறோமே, அங்கே ஆள் என்பது கதவைப் பூட்டிக்கொண்டு தனித்தனியாக இருக்கிற மூன்று பேரைச் சொல்வதல்ல என்றேன். பிதா பிதாவாக இருப்பது மகனை நோக்கி இருப்பதால், மகன் மகனாக இருப்பது பிதாவை நோக்கி இருப்பதால். அந்தக் கடவுளின் சாயலில் படைக்கப்பட்ட மனிதனும் இன்னொருவரை நோக்கித் திரும்பும்போதுதான் முழு ஆளாகிறான். புத்தி இருப்பதால் இல்லை, தொழிலால் இல்லை, பிறப்பால் இல்லை. இப்படி அடுக்கிக்கொண்டே போனேன். எனக்கே என் பேச்சு இனித்தது.

அழகர் கையைத் தூக்கினார். சின்னப் பிள்ளை மாதிரி கையைத் தூக்கிவிட்டுத்தான் கேட்பார்.

"அப்ப யாருமே நம்ம பக்கம் திரும்பிப் பாக்கலேன்னா, நாம ஆளு இல்லிங்களா ஐயா?"

கடவுள் பார்க்கிறார் என்றேன்.

"சாமி பாக்குறது சரிங்க. மனுசன்?"

பிள்ளைகள் யன்னலை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்கள். எனக்குக் கொஞ்சம் எரிச்சல்கூட வந்தது. பிறகு நல்ல பதில் ஒன்று கிடைத்தது. அதற்காகத்தான் கர்த்தர் பந்தியை வைத்தார் என்றேன். அங்கே முதல் ஆள் கடைசி ஆள் என்று கிடையாது. எல்லாரும் பக்கத்தில் பக்கத்தில் முழந்தாளிட்டு, ஒரே அப்பத்தைப் பிட்டு, ஒரே கிண்ணத்தில் குடிக்கிறோம். உங்கள் கேள்விக்குச் சபை சொல்லும் பதில் அந்தக் கிண்ணம்தான் என்றேன். அழகர் தலையை ஆட்டினார். ஒரே கிண்ணம் என்று தனக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

அவருடைய மனைவி பாலம்மா கதிரேசன் கோயிலுக்குப் போகிறவள். புருஷன் எங்களோடு சேர்ந்ததில் அவளுக்குத் துளியும் இஷ்டமில்லை. காற்சட்டைக்காரர்கள் கோயிலில் உனக்கு என்ன வேலை, வாசலோடு நிறுத்துவார்கள் என்று ஏசுவாளாம். இதை அழகரே ஒருநாள் சிரித்துக்கொண்டு சொன்னார். ஒரே கிண்ணத்தில் குடிக்கிற கதையை அவளிடம் சொல்லியிருக்கிறார். அவள் நம்பவில்லை. கண்ணால் பார்த்தால் நானும் வருகிறேன் என்றாளாம். அதனால் அழகருக்கு அந்தத் திருவிருந்தில் தன் காரியம் மட்டுமில்லை, பாலம்மாவின் காரியமும் இருந்தது. எனக்கு அது தெரிந்திருந்தது. தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியில்லை.

எங்களுக்குத் திருவிருந்து மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை. அழகர் முதல் நாலு மாதம் கடைசி ஆளாகத்தான் வந்து முழந்தாளிட்டார். அவரைக் கடைசியில் வரச் சொல்லி ஒருவரும் சொல்லவில்லை, முன்னால் வாருங்கள் என்றும் ஒருவரும் சொல்லவில்லை. அவர் குடித்த பிறகு மிச்சத்தைப் போதகர் குடித்துக் கிண்ணத்தைத் துடைத்து வைப்பார். யாருக்கும் ஒரு சங்கடமும் இல்லை. சபை எவ்வளவு ஒற்றுமையாக இருக்கிறது என்று நாங்கள் எங்களையே மெச்சிக்கொண்டோம்.

ஐந்தாம் மாதம் அவர் நடுவில் வந்தார். முதல் ஆள் கடைசி ஆள் கிடையாது என்று நான் சொன்னது அவருக்குள் இத்தனை நாளும் ஊறிக்கொண்டு இருந்திருக்க வேண்டும். மரக்கிராதிக்கு முன்னால் நான் முழந்தாளிட்டேன். என் இடது பக்கத்தில் வந்து அவர் முழந்தாளிட்டார். வெள்ளைச் சேட்டு, எண்ணெய் வைத்து வாரிய தலை, சிவப்புச் சவர்க்கார மணம். அந்தக் கோயிலில் அன்றைக்கு அவ்வளவு சுத்தமாகக் குளித்துவிட்டு வந்தவர் வேறு ஒருவர் இருந்திருக்கமாட்டார். கிண்ணம் இடது பக்கத்திலிருந்து வந்தது. அவர் குடித்தார். போதகர் வெள்ளைத் துணியால் விளிம்பைத் துடைத்து, கிண்ணத்தைச் சற்றுத் திருப்பி, என் வாயருகே கொண்டுவந்தார்.

நான் உதட்டைத் திறக்கவில்லை.

வேண்டுமென்று செய்தேனா என்று இத்தனை வருஷமாக என்னையே கேட்கிறேன். வாய் தானாக மூடிக்கொண்டது. என் பாட்டனார், அப்பா, பேசாமலே எல்லாம் தெரிந்திருந்த எங்கள் வீடு, எல்லாரும் சேர்ந்து என் வாயை மூடிவிட்டார்கள். இப்படிச் சொன்னால் கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் வாய் என்னுடையது. திராட்சரசம் உதட்டில் பட்டு நின்றது. குடித்தவன் போலத் தலையைக் குனிந்துகொண்டேன், பிறகு கைலேஞ்சியால் துடைத்தேன். அந்த ஞாயிறு பின்னேரம்தான் என் கட்டுரை அச்சாகிய சபைச் சஞ்சிகை தபாலில் வந்திருந்ததைப் பிரித்தேன். என் பெயரைப் பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். சந்தோஷப்பட்டேன். அதையும் சொல்லிவிட வேண்டும்.

அடுத்த வருஷம் நகரத்தில் நெருப்புக் காய்ச்சல், அதுதான் டைபாயிட், பரவியது. தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள் என்று துண்டுப் பிரசுரம் கொடுத்தார்கள். அழகரும் அவருடைய ஆட்களும் சாக்கடை முழுக்கச் சுண்ணாம்பு கொட்டிக்கொண்டு திரிந்தார்கள். அதற்குள் மூன்று நாலு திருவிருந்து நான் தலைவலி, வயிற்றுவலி என்று ஏதோ சாக்குச் சொல்லித் தவிர்த்திருந்தேன். எத்தனை நாளைக்குத்தான் தலை வலிக்கும்? காய்ச்சல் எனக்கு ஒரு வழி காட்டியது. துண்டுப் பிரசுரத்தை மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மூப்பர் கூட்டத்துக்குப் போனேன். பெரிய ஊர்களில் எல்லாம் ஆளுக்கொரு சின்னக் கிளாஸ் கொடுக்கிறார்கள், சுகாதாரத்துக்கு அதுதான் நல்லது, நாமும் மாறுவோம் என்றேன். பிரசுரத்தை எடுத்து வாசித்தும் காட்டினேன்.

எதிர்ப்பு ஒன்றும் வரவில்லை. எல்லாரும் ஆமாம் ஆமாம் என்றார்கள், கொஞ்சம் அவசரமாகவே சொன்னார்கள். என்னைப் போல இன்னும் எத்தனை பேருக்குத் தலை வலித்துக்கொண்டு இருந்ததோ. அழகரின் பெயரை ஒருவரும் எடுக்கவில்லை. போதகர் வீரசிங்கம் மட்டும் பேனையை மூடாமல் என்னையே பார்த்துக்கொண்டு இருந்தார். யாழ்ப்பாணத்து மனுஷன், சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது.

"தனபாலன், உண்மையாய்க் காய்ச்சலுக்குப் பயந்துதானோ கேக்கிறீர்?"

"ஆமா ஐயா," என்றேன்.

"சரி. நீர் சொன்னதாய் எழுதிறன்," என்று எழுதினார்.

அந்தக் காலத்தில் வெளிநாட்டுச் சாமான் ஒன்றும் வராது. சின்னக் கிளாஸுக்குக் கண்டி முழுக்க அலைந்தேன், கிடைக்கவில்லை. கடைசியில் கெலிஓயாவில் மஹ்மூத் நானாவின் கடையில், தூசு படிந்த அலுமாரிக்கு மேலே ஒரு பெட்டி இருந்தது. வெள்ளைக்காரத் துரைமார் சாராயம் அளந்து குடித்த கிளாஸ்கள். முப்பத்தாறு இருந்தன. மஹ்மூத் நானா ஒவ்வொன்றாகத் துடைத்துக் கடதாசியில் சுற்றினார். கோயிலுக்கு என்றதும் கை நின்றது.

"உங்கட கோயில்ல எல்லாரும் ஒரே கோப்பையில குடிக்கிற எண்டு கேள்விப்பட்டேனே சேர். நாங்க ஆறு பேர் ஒரே சஹன்ல சாப்பிடுற மாதிரி."

சஹன் என்பது அவர்களின் கலியாண வீடுகளில் வைக்கிற பெரிய தட்டு. சுற்றி ஆறு பேர் இருந்து ஒரே சோற்றில் கை வைப்பார்கள். காய்ச்சல் காலம் நானா என்றேன். ஓ என்றார், அதற்கு மேல் கேட்கவில்லை. பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். ஒன்றுகூட உடையக்கூடாது என்று வழி முழுக்கக் கவனமாக இருந்தேன்.

அழகருக்கு ஒருவரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவன் நான். சொல்லியிருந்தால் அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் பாலம்மாவை அழைத்துக்கொண்டு வந்திருக்கமாட்டார்.

மஞ்சள் சேலை கட்டி, நெற்றியில் பொட்டோடு, கடைசி வாங்கின் ஓரத்தில் இருந்தாள். கைகளை மடியில் கோத்துக்கொண்டு, எங்கே என்ன நடக்கிறது என்று கழுத்தை எட்டி எட்டிப் பார்த்தாள். அழகர் நடுவில் வந்து முழந்தாளிட்டார். முகத்தில் அப்படி ஒரு பெருமை. அப்பம் வந்தது, வாங்கிக்கொண்டார். பிறகு போதகர் மரத்தட்டைக் கொண்டுவந்தார், அதில் வரிசையாகக் கிளாஸ்கள். அழகர் ஒன்றை எடுத்தார். எடுத்துவிட்டு இடது பக்கம் பார்த்தார், வலது பக்கம் பார்த்தார். எல்லார் கையிலும் ஆளுக்கொன்று. அவருக்கு விளங்கிவிட்டது. விளங்கியதை நான் பார்த்தேன், ஏனென்றால் அவர் கடைசியாகப் பார்த்தது என்னைத்தான். குடிக்காமல் கிளாஸைத் தட்டில் திரும்ப வைத்தார். ஒரு சொட்டும் சிந்தவில்லை. எழுந்து பின்னால் போய்ப் பாலம்மாவுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டார்.

ஆராதனை முடிந்து வாசலில் கைகொடுத்து அனுப்புவது மூப்பன் வேலை. அவர்கள் இரண்டு பேரும் என் பக்கமாகத்தான் இறங்கிப் போனார்கள். பாலம்மா குரலைத் தாழ்த்தவும் இல்லை, உயர்த்தவும் இல்லை. புருஷனிடம் சொல்வதுபோலச் சொன்னாள்.

"முந்தி டீக்கடையில நமக்கு மட்டும் தனிக் கிளாஸ் வச்சிருந்தாங்க. இவங்க படிச்சவங்கல்ல. நமக்காக எல்லாருக்குமே தனிக் கிளாஸ் வச்சிட்டாங்க."

அழகர் பேசாமல் வா என்று அவள் கையைப் பிடித்து இறக்கிக்கொண்டு போனார். பாலம்மா அதற்குப் பிறகு எங்கள் கோயில் படி ஏறவில்லை.

அழகரும் வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். உள்ளதைச் சொன்னால், வராமல் இருந்தால் நல்லது என்று நினைத்தேன். அடுத்த ஞாயிறு வந்துவிட்டார். அதற்கடுத்த ஞாயிறும் வந்தார். கடைசி வாங்கில் இருப்பார், பாட்டுப் பாடுவார், தலை குனிந்து ஜெபிப்பார். முதல் ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் எழுந்து முன்னால் போகும்போது அவர் மட்டும் எழும்பமாட்டார். போதகர் இரண்டு மூன்று தரம் கூப்பிட்டார். பொறவு வர்றேன் சாமி என்பாராம். பிறகு போதகர் மாற்றலாகிப் போனார். புதிதாக வந்தவர் என்னிடம் கேட்டார், அந்தப் பின்வாங்குக்காரர் ஏன் திருவிருந்துக்கு வருவதில்லை என்று. அவர் கொஞ்சம் கூச்ச சுபாவம் என்றேன். முதலில் சொன்ன பொய்யாவது பயத்தில் வந்தது. இதை நிதானமாக யோசித்துச் சொன்னேன்.

காய்ச்சல் எப்போதோ போய்விட்டது. கிளாஸ்கள் போகவில்லை, அப்படியே தங்கிவிட்டன. ஏழு வருஷம்.

அந்த ஏழு வருஷத்தில் ஒருநாள் மட்டும் அவரிடம் சொல்லியிருக்கலாம். மத்தியானம் பாடசாலை விட்டு வரும்போது குடைக்கு அடங்காத மழை. மஹய்யாவைச் சந்திக்குப் பக்கத்தில் பூட்டிக் கிடந்த ஒரு கடையின் தாழ்வாரத்தில் ஒதுங்கினேன். அங்கே அழகர் மண்வெட்டியோடு நின்றுகொண்டு இருந்தார். என்னைக் கண்டதும் மண்வெட்டியை அந்தப் பக்கம் தள்ளி வைத்து எனக்கு இடம் விட்டார். நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான். மழைச் சத்தத்தில் பேசினால் பக்கத்துத் தெருவுக்குக்கூடக் கேட்காது. அந்தக் கிளாஸ் என்னுடைய யோசனை, காய்ச்சலுக்காக இல்லை, உங்களுக்காக என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். ஒரு வசனம். பத்தாம் வகுப்புக்கு ஒரு நாளில் ஆயிரம் வசனம் சொல்கிறவன் நான்.

பாண் விலையைப் பற்றிப் பேசினேன். மண்ணெண்ணெய் கிடைப்பதில்லை என்று பேசினேன். அவர் ஒவ்வொன்றுக்கும் ஆமாங்க ஆமாங்க என்றார். மழை விட்டது. அவர் போகவில்லை. நானும் நின்றேன். வெயில்கூட வந்துவிட்டது.

"வேற ஒன்னும் இல்லிங்களா ஐயா?" என்று கேட்டார்.

"இல்லை," என்றேன்.

"சரிங்க," என்று மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். நான் குடையை விரித்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன், மழை இல்லாத வீதியில் விரித்த குடையோடு. பாதி வழியில்தான் அது என் புத்திக்கே எட்டியது.

எண்பத்தொன்றில் அழகருக்கு எலிக்காய்ச்சல் வந்தது. சாக்கடையில் இறங்குகிறவர்களுக்கு வருகிற வியாதி. கண் மஞ்சளாகி, ஆஸ்பத்திரியில் நாலே நாள். நான் பாடசாலை விடுமுறைக்கு நுவரெலியாவில் தங்கச்சி வீட்டில் இருந்தேன். திரும்பி வந்தபோது அடக்கமும் முடிந்துவிட்டது. புதிய போதகர் நன்றாக நடத்தினார் என்றார்கள். சபையிலிருந்து ஆறு பேர் போனார்களாம். வழக்கமாக இருக்கிற இடத்தில் அடுத்த ஞாயிறு அவர் இல்லை. கடைசி வாங்கு வெறுமையாகக் கிடந்தது. பிரசங்கத்தில் ஒரு சொல்கூட என் காதில் ஏறவில்லை. எனக்கு அவ்வளவு துக்கம் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அது முழுக்கத் துக்கம்தானா, பயமா என்றும் தெரியவில்லை.

அழகர் இறந்த எட்டாம் நாள் பாலம்மாவிடம் போனேன். பள்ளத்தில் இறங்கும் படிகளில், சொல்ல வேண்டியதைப் பாடம் பண்ணிக்கொண்டே போனேன். வாசலில் ஒரு கதிரையைத் தூக்கிப் போட்டு இருக்கச் சொன்னாள். தான் தரையில் இருந்து சுளகில் அரிசி புடைக்கத் தொடங்கினாள். வெள்ளைச் சேலை. நெற்றி வெறுமையாக இருந்தது. நான் வழக்கமான இரங்கல் வார்த்தைகளைச் சொன்னேன். சுளகு நிற்கவில்லை. பிறகு மற்றதையும் சொன்னேன். அந்தக் கிளாஸை வாங்கி வந்தவன் நான், காய்ச்சல் என்று சொன்னது பொய், அழகர் குடித்த கிண்ணத்தில் குடிக்க எனக்கு மனம் வரவில்லை, அதனால்தான் என்று ஒன்றும் விடாமல் சொன்னேன். ஒருமுறை தொடங்கிய பிறகு அது இரண்டு நிமிஷம்கூட எடுக்கவில்லை.

பாலம்மாவுக்கு ஆச்சரியமே இல்லை.

"தெரியுமே," என்றாள். "நீங்க வாய மூடிக்கிட்டத அன்னைக்கே பாத்துட்டாரு. அந்தக் கிளாஸ் வந்த அன்னைக்கு வீட்டுக்குப் போயித்தான் எங்கிட்ட சொன்னாரு."

அப்படியென்றால் அதற்குப் பிறகும் ஏன் வந்தார், ஏழு வருஷம் ஏன் வந்தார் என்று கேட்டேன்.

அவள் சுளகைக் கீழே வைத்தாள்.

"நானும் அதத்தான் கேப்பேன். ஏசாத ஞாயித்துக்கெழம இல்ல. வெக்கமில்லையா ஒனக்குன்னு கேப்பேன். 'அந்த வாத்தியாரு நல்ல மனுசன் பாலம்மா. அவரால ரொம்ப நாளைக்கு இத வச்சிக்கிட்டு இருக்க முடியாது. ஒரு நாளைக்கு எங்கிட்ட வந்து கேப்பாரு. அன்னைக்கு நான் அங்க இல்லேன்னா அவரு யாருக்கிட்ட போயிக் கேப்பாரு'ன்னு சொல்லுவாரு. அதுக்காகத்தான் வந்தாரு. ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டும் கேட்டாரு, வாத்தியாரு வந்தாரான்னு."

நான் அழுதேன். வளர்ந்த மனுஷன் அடுத்த வீட்டார் பார்க்கும்படி அழுதேன். ஒரு மனிதன் இன்னொருவனை நோக்கித் திரும்பியபடி இருப்பதைப் பற்றி நான் எட்டுப் பக்கம் எழுதியிருந்தேன். அவர் ஏழு வருஷம் கடைசி வாங்கில் என்னை நோக்கித் திரும்பியபடி இருந்திருக்கிறார். நான் குடித்ததையும் குடிக்காததையும் எல்லாம் தெரிந்துகொண்டு, நான் நல்லவன் என்று அவர் ஒருவர் மட்டும் நம்பிக்கொண்டு இருந்திருக்கிறார்.

என்னை மன்னித்துக்கொள்ளுங்கள் பாலம்மா என்றேன்.

அவள் சுளகிலிருந்து ஒரு கல்லைப் பொறுக்கி எறிந்தாள். கோபம் இல்லை. யோசித்துத்தான் சொன்னாள்.

"என்னைய அவமானப்படுத்துனதுக்கு நான் மன்னிச்சிடுறேங்க வாத்தியாரய்யா. அது முடிஞ்சிருச்சி. அவருக்குச் செஞ்சதுக்கு நான் எப்பிடிங்க மன்னிக்கிறது? அது அவருல்ல செய்யணும்."

அதை அவள் என்னை நோகடிக்கச் சொல்லவில்லை. உள்ளதைத்தான் சொன்னாள். பிறகு அவள் சுளகை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள், நான் எழும்பி, கதிரையைச் சுவரோரம் வைத்துவிட்டு வந்தேன்.